மூன்று விரலுக்குக் கீழே: ரப்பர் விளையில் ஒரு மனச்சோர்வு

டிசம்பர் மாதத்துக் குறிப்பேட்டில் அந்த ரப்பர் பால் வெட்டுகிறவரைப் பற்றி ஐந்து வரிகள்தான் எழுதியிருக்கிறேன். நான்காவது வரி இது: ‘தூக்கம்: அதிகாலையிலேயே எழுந்துவிடுகிறார். தொழில் காரணம்.’ எழுதி முடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அவருடைய நோயின் முக்கியமான அடையாளம் என் கையாலேயே தாளில் விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு காரணத்தையும் எழுதி அதை மூடியும் வைத்துவிட்டேன். அந்த மூடியைத் திறக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தையும் அவர் தனியாகத்தான் கடந்தார். இந்த நிகழ்வை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்த வரிதான் காரணம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் மனநலச் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இருப்பேன். கீழே வருபவரும் அவருடைய மனைவியும் இதை எழுதச் சம்மதித்தவர்கள். எழுதியதை வாசித்துக் காட்டியபோது மனைவி இரண்டு இடங்களில் திருத்தினார். ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

வயது 52. திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். பதினாறு வயதில் அப்பாவோடு போய்க் கத்தி பிடித்தவர். அன்றிலிருந்து ரப்பர் பால் வெட்டுதான் தொழில். மனைவி முந்திரி ஆலையில் பருப்புக்குத் தோல் நீக்குகிறார். மகள் நர்சிங் கடைசி ஆண்டு. மகன் பிளஸ் டூ.

அவர் சொன்ன குறைகள்: தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றில் வாயு, தோள்பட்டைக் கடுப்பு. நவம்பரிலேயே வெளியில் ஈசிஜி எடுத்திருந்தார். கோளாறு ஒன்றுமில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் என்று என்னிடம் அனுப்பினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பசி எப்படி என்று கேட்டேன், குறைவு என்றார். குடிப்பீர்களா என்று கேட்டேன். மழை நாளில் கொஞ்சம் என்றார். தூக்கத்தைக் கேட்டேன்.

“பால் வெட்டுகிறவனுக்கு என்ன தூக்கம், மேடம்? ராத்திரியிலேயே எழுந்துவிடுவேன்.”

அது சரியான பதில்தானே. வெயில் ஏறுவதற்கு முன்பு மரத்தில் நீரழுத்தம் அதிகமாக இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இங்கே பால் வெட்டுகிறவர்கள் இரண்டரை, மூன்று மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, போவார்கள். முந்நூறு மரமாவது வெட்டி முடிக்கும்போது பொழுது விடிந்திருக்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். தெரிந்திருந்ததுதான் வினை. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால், ராத்திரி என்றால் எத்தனை மணி என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பாள்.

குடிப்பழக்கம், உடல்வலி என்று குறித்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். அவர் வரவில்லை.

இடையில் நடந்தது

ஜனவரியில் தோள்வலிக்காக ஒரு வர்ம ஆசானிடம் போயிருக்கிறார். நம் மாவட்டத்தில் தசை பிடித்தாலும் எலும்பு பிசகினாலும் பலர் முதலில் போகும் இடம் அதுதான். எழுபதைத் தாண்டிய அந்த ஆசான் மூன்று நாள் எண்ணெய் இட்டுத் தடவியிருக்கிறார். நான்காம் நாள் போனபோது, மனைவியை உள்ளே கூப்பிட்டு, எங்கள் பக்கத்தில் பிள்ளையை அழைப்பதுபோல ‘மக்களே’ என்று விளித்துச் சொன்னாராம்: “மக்களே, இது வர்மம் இல்லை. இவன் என் முன்னால் ஒரு மணி நேரம் படுத்திருக்கிறான், ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய் சூடாக இருக்கிறதா என்று கேட்டால்கூடப் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் விசாரத்துக்குப் பார்க்கிற ஆள் இருந்தால் காட்டு.”

நான் பத்து நிமிடம் பேசிக் கண்டுபிடிக்காததை அவர் பேசாமலே கண்டுபிடித்தார். நாட்டு வைத்தியர்கள் மனநோயாளிகளைப் பிடித்துவைத்துக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் துறையில் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை எங்களால் மறக்க முடியாது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தன் கைக்கு அடங்காததை அறிந்து அனுப்பிவைக்கும் ஆசான்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பழகிவைப்பது எங்கள் வேலையில் சேர்ந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவரைப் போய்ப் பார்த்து நன்றி சொல்லி வந்தேன்.

மனைவி உடனே கூட்டிவரவில்லை. மூன்று வாரம் தயங்கினார். காரணம் ஊர்ப்பேச்சு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி இது. திருவனந்தபுரத்தில் 1870-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊளம்பாறைதான் இன்றும் இங்கே வசைச்சொல். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி. மகளுக்கு நாளை ஒரு சம்பந்தம் பேசும்போது, அப்பன் ஊளம்பாறைக்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ற பயம் அந்த அம்மாவை உறங்கவிடவில்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லித் தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் எடைபோட்டுப் பார்த்த இழப்பு நிஜமானது.

ஒன்றரை மணி

பிப்ரவரி இரண்டாம் வாரம் இருவரும் வந்தார்கள். அவர் எடை குறைந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் வைத்தவர், அரை மணி நேரமும் அவற்றை அசைக்கவில்லை. பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த நான்காவது வரியைப் படித்தபோது, வெளியே சுகாதார நிலையத்து வேலியோரம் ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்பது கண்ணில் பட்டது. ஜனவரி கடைசியிலிருந்து இலை செம்பு நிறமாகி உதிரும். புதுத் தளிர் வந்து முற்றும்வரை வெட்டு நிற்கும்.

“அண்ணே, இப்போது வெட்டு இல்லையே. இப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?”

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். “ஒன்றரைக்கு.”

“எழுந்து?”

மனைவி சொன்னார்: “திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மூன்று மணிக்கு நான் பார்த்தாலும் அப்படியே இருப்பார். விடியும்வரை அப்படியே. சாயங்காலம் ஆனால் கொஞ்சம் பரவாயில்லை, நாலு வார்த்தை பேசுவார்.”

மனச்சோர்வின் பாடத்தில் வரும் இரண்டு அடையாளங்கள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி விழிப்புத் தட்டுவது. காலையில் மனம் மிகவும் கனத்து, பொழுது சாயச் சாய இலேசாவது. ஊர் முழுக்க எட்டு மணிக்கு எழுகிற இடத்தில் ஒருவர் நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் வீட்டார் கவனிப்பார்கள். எல்லோரும் மூன்று மணிக்கு எழுகிற தொழிலில் ஒன்றரை மணி விழிப்பு யார் கண்ணிலும் படாது. காலை நேரத்து மனக்கனத்தை அவர் இருட்டில், மரங்களுக்கு நடுவே, யாரும் பார்க்காத இடத்தில் சுமந்திருக்கிறார். வீடு திரும்பும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். வெட்டு நடந்த மாதங்களில் அவருடைய நோயின் மோசமான நேரத்தை வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை.

வழக்கமாக நாங்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் பட்டியலைக் கேட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. அச்சிட்ட தாளில் இருக்கும் சொற்கள் அவருக்குத் தொடவில்லை. ‘மன அழுத்தம்’ என்றதும் அழுத்தம் ஒன்றுமில்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடவில்லை என்றார். பத்திரிகைகளில் வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் மன அழுத்தம் என்கிறார்கள், மாதக்கணக்கில் ஆளை முடக்கிப் போடும் நோய்க்கும் அதே சொல்லைத்தான் போடுகிறார்கள். மனச்சோர்வு என்று பிரித்துச் சொல்வதே நல்லது. நான் எங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் சொல்லுக்குப் போனேன். விசாரம். “விசாரம் பிடித்து ஒன்றிலும் மனம் ஓடாமல் எத்தனை நாள்?” என்று கேட்டபோது முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். மொத்தம் 18 வந்தது. சிகிச்சை தேவைப்படும் அளவு, நடுத்தரத்துக்கு மேல்.

ஒன்பதாவது கேள்வி உயிர்மேல் வெறுப்பைப் பற்றியது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் கேட்காமல் விடுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. வந்திருந்தால் இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. மனைவியைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு, “இருட்டில் தோன்றும். மகள் போனில் கூப்பிடுகிற நேரம் போய்விடும்” என்றார். எப்படி, எப்போது என்ற திட்டம் எதுவும் இல்லை என்பதை விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

அவர் சம்மதத்தோடு மனைவியிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: “இதைச் சொன்னதால் போலீஸ் கேஸ் ஆகுமா?” ஆகாது. எண்ணத்தைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்து பிழைத்தவரைக்கூட, கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115-வது பிரிவில் சொல்கிறது. பழைய பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அதனால் இதை வாய்ப்பு கிடைக்கும் இடமெல்லாம் சொல்கிறேன்.

அன்றே சில ஏற்பாடுகள் செய்தோம். ஆபத்தான பொருள்கள் எல்லாம் மைத்துனர் வீட்டுக்குப் போயின. இரவில் மகன் திண்ணையை ஒட்டிய அறையில் படுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஒன்றரை மணிக்கு விழித்தால் தனியே உட்காராமல் மனைவியை எழுப்ப வேண்டும்; அதற்குக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்ய வேண்டும். அது 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்கும் இலவச மனநல எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தார்.

விளையில் பார்த்தது

கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று தயங்கி, “முதலாளி ஒன்று சொன்னார், அதையும் சொல்லிவிடுகிறேன்” என்றார். “உன் மாப்பிள்ளை மரத்தைக் காயப்படுத்துகிறான். முப்பது வருஷம் வெட்டின கை இப்படி வெட்டாது. குடித்துவிட்டு வருகிறானா?”

இரண்டு நாள் கழித்து அந்த விளைக்குப் போனேன். முதலாளி என்றால் பெரிய எஸ்டேட்காரர் அல்லர். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், இளமையில் தானே வெட்டியவர். காய்ந்த இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஒரு மரத்தின் முன் நிறுத்திக் காட்டினார்.

பால் வெட்டு என்பது பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் கூடினால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்ப்படலம் அறுபட்டு மரக்கட்டை வெளியே தெரியும். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் திரும்ப வளரும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை. நல்ல வெட்டுக்காரர் அதை இருட்டில் கைப்பழக்கத்தால் காப்பாற்றுவார். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவச் சீவ வெட்டுக்கோடு கீழே இறங்கும், மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்.

“பார்த்தீர்களா? இந்த மரமெல்லாம் போன ஜூனில்தான் முதல்முதலாகத் திறந்தது. இவன்தான் திறந்தான். மேலே பாருங்கள், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.” திறந்த கோட்டிலிருந்து, அதாவது முதல் வெட்டு போட்ட இடத்திலிருந்து, தன் மூன்று விரல்களைச் சேர்த்துவைத்துக் காட்டினார். அந்த அகலம்வரை பட்டை வழவழவென்று ஆறியிருந்தது. அதற்குக் கீழே முதல் காயம். அதன்பின் இரண்டு, மூன்று. கீழே வர வர நெருக்கமாக, கட்டை தெரிய. அடுத்த மரத்திலும் அதேதான். அதற்கடுத்ததிலும். புது மரம், இளம் பட்டை, கை பழகவில்லை என்றால் மேலேதான் காயம் இருந்திருக்க வேண்டும். கீழே வர வரக் குறைந்திருக்க வேண்டும்.

மூன்று விரல் அகலம் என்பது ஐந்து சென்டிமீட்டர். இரண்டரை மாதம். ஜூனிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் நடுப்பகுதி. அவர் மனம் எப்போது சரிந்தது என்று நாங்கள் கேட்டபோது அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. முந்நூற்றுச் சொச்சம் மரங்களில் தேதி போட்டு எழுதியிருந்தது. கவனம் சிதறுவதும், கை மந்தப்படுவதும், ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்யும் ஊக்கம் வற்றுவதும் மனச்சோர்வின் பகுதிகள். ஆசிரியர் என்றால் கரும்பலகையில் தெரியும், தையல்காரர் என்றால் துணியில் தெரியும். நாங்கள் ஆளை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறோம். அவர் வேலையைப் போய்ப் பார்ப்பதில்லை.

குடித்துவிட்டு வெட்டவில்லை என்பதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை, வெட்டுகிறவரே சொன்னார். அவருடைய அனுமதியோடு, உடம்புக்குச் சிகிச்சை நடக்கிறது, சில மாதம் ஆகும் என்று மட்டும் தெரிவித்தேன். முதலாளி மரத்தைத் தடவிக்கொண்டே, “வேறு ஆளைப் பார்க்க மாட்டேன், வரட்டும்” என்றார். அந்த வாக்கு மருந்துக்குச் சமம் என்று அப்போதே தோன்றியது.

ஆகஸ்டில் என்ன நடந்தது

தேதி கிடைத்ததும் பேச்சு எளிதாயிற்று. அவர் 22 வருஷம் ஒரே விளையில் வெட்டியவர். அந்த மரங்களுக்கு வயதாகிப் பால் குறைந்ததால் போன ஏப்ரலில் அடியோடு வெட்டி மறுநடவுக்கு விட்டார்கள். ரப்பரில் இது இயல்பான நடைமுறை, யார்மேலும் குற்றமில்லை. ஜூலையில் அம்மா இறந்தார். மகளின் கடைசி ஆண்டுக் கட்டணத்துக்காக வாங்கிய குழுக்கடனின் வாரத் தவணை ஜூலையில்தான் தொடங்கியது. ஆகஸ்டில் தொடர்மழை, பதினோரு நாள் வெட்டு இல்லை. சிற்றப்பா ஒருவர் நடுவயதில் ஓராண்டு வாயே திறக்காமல் இருந்தார் என்ற செய்தியும் வெகு பின்னால் வந்தது. அதனால் உடலில் ஒரு சாய்வும் இருந்திருக்கலாம்.

இவற்றில் எது காரணம் என்று மனைவி கேட்டார். ஒன்றைப் பிரித்தெடுத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அவர் அழுதது ஓர் இடத்தில்தான். அம்மாவைப் பற்றிப் பேசும்போது அல்ல. “அந்த மரமெல்லாம் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். ஒவ்வொன்றின் வளைவும் கைக்குத் தெரியும். லாரியில் ஏற்றின அன்றைக்கு நான் போகவில்லை” என்றார். மரத்துக்காக அழுவதற்கு ஒரு சடங்கு கிடையாது. பதினாறாம் நாள் கிடையாது, வந்து துக்கம் கேட்பவர் கிடையாது. நம் மாவட்டத்தில் 2004 சுனாமிக்கும் 2017 ஒக்கிப் புயலுக்கும் பிறகு துயரத்தோடு உட்காரக் கடற்கரைக்கு ஆட்கள் போனார்கள்; போக வேண்டியதுதான். மலையோரத்தில் நடக்கும் சத்தமில்லாத இழப்புகளுக்கு அப்படி ஒரு கண் இல்லை.

சிகிச்சை

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவர் பார்த்தார். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பரிசோதித்து உடற்கோளாறு இல்லை என்று உறுதி செய்தபின் எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினார். முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. மாத்திரை இலவசம்.

ஆறாம் நாள் நிறுத்திவிட்டார். குமட்டல். மாத்திரை சாப்பிட்டும் மனம் அப்படியேதான் இருக்கிறது, வயிறுதான் கெட்டது என்றார். இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் தொல்லை முதல் நாளே வருகிறது, பலன் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகிறது. அதை முதலிலேயே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, சாப்பாட்டுக்குப் பின் இரவில் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம். பத்து நாளில் குமட்டல் நின்றது. இருபதாம் நாள் மனைவி போன் செய்தார்: “நேற்று மீன்குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னார்.” குரலில் அழுகையும் சிரிப்பும் இருந்தன. ஆறு மாதமாக எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டவர்.

குடியைப் பற்றி: அவர் குடிநோயாளி அல்லர். மழை நாளில் இருந்தது, தூக்கத்துக்காக வாரம் நாலு நாளாகியிருந்தது. குடித்தால் கண் சொக்கும். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை அதுவே உடைக்கும். ஒன்றரை மணி விழிப்புக்கு அது எண்ணெய் ஊற்றுகிறது என்று விளக்கினோம். மகன் ஒரு பள்ளி நோட்டில் தினமும் அப்பா படுத்த நேரம், விழித்த நேரம், குடித்தாரா இல்லையா என்று எழுதினான். மூன்று வாரத்து நோட்டைப் பார்த்து அவரே சொன்னார், குடித்த நாளெல்லாம் முந்தி விழித்திருக்கிறேன் என்று. நான் சொல்லி அவர் கேட்டதைவிட அந்த நோட்டு சொல்லித்தான் அதிகம் கேட்டார்.

தூக்கத்துக்கான பொது அறிவுரைகளை இந்தத் தொழிலில் அப்படியே ஒப்புவிக்க முடியாது. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுங்கள் என்றால் சோறு கிடைக்காது. எட்டரைக்குப் படுக்கை, இரண்டே முக்காலுக்கு எழுவது, விளையிலிருந்து திரும்பிச் சாப்பிட்டபின் முக்கால் மணி நேரம் மட்டும் கண்ணயர்வது என்று வைத்தோம். டிவி சத்தம் எட்டரைக்கு அடங்க வேண்டும் என்பதுதான் வீட்டில் பெரிய போராட்டமாக இருந்தது. அந்த அக்கா சீரியலைத் தங்கை வீட்டில் போய்ப் பார்த்தார். அவர் செய்ததை இங்கே எழுதிவைக்காமல் விட மாட்டேன்.

வெட்டு ஏப்ரலில் தொடங்கியது. எல்லா மரத்தையும் கொடுக்க வேண்டாம், ஒரு வரிசை போதும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டோம். அறுபது மரம். மீதியை மைத்துனர் மகன் வெட்டினான். இருவரும் சேர்ந்தே போனார்கள், அதனால் இருட்டில் தனிமை இல்லை. மனம் சரியானபின் வேலைக்குப் போகலாம் என்று காத்திருந்தால் மனமும் சரியாகாது, வேலையும் போகும். சின்ன அளவில் கை வேலை செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும். மனச்சோர்வுக்குச் செயலைத் தூண்டும் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, பலன் நிரூபிக்கப்பட்ட முறை. அதன் கரு இதுதான்.

அவர் ஊர் வாசகசாலையில் மாலை நேரம் உட்கார்ந்து, கண் மங்கிய இரண்டு பெரியவர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டும் பழக்கம் உள்ளவர். ஆகஸ்டோடு நின்றிருந்தது. மறுபடி தொடங்கச் சொன்னபோது, குரல் எழும்பவில்லை என்றார். முதல் வாரம் தலைப்புகளை மட்டும் படித்தார். பெரியவர்களில் ஒருவர், இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து படி என்றாராம். வைகாசி வந்தபோது தலையங்கம்வரை போயிருந்தார்.

ஆறாம் வாரம் மதிப்பெண் 11, பன்னிரண்டாம் வாரம் 5.

வேறு சிலருக்கு

இதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கேட்பதில்லை. வேலை இல்லாத நாளில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று கேட்கிறேன். பின்னிரவில் சந்தை கூடும் தோவாளையில் பூ விற்கிறவருக்கும், நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் குளச்சல்காரருக்கும், நான்கு மணிக்குப் பாய்லர் பற்றவைக்கும் டீக்கடைக்காரருக்கும் இந்தக் கேள்விதான் பொருந்தும். அதோடு, யாராவது உங்கள் வேலையில் குறை சொன்னார்களா என்றும் கேட்கிறேன். ‘தொழில் காரணம்’ என்று இப்போது நான் எழுதுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: திருத்தமாக வேலை செய்கிற ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் தவறு செய்துகொண்டே இருந்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கத்தையும் பசியையும் விசாரியுங்கள்.

மழைக்குப் பின்

ஜூன் மழையில் ஒரு சறுக்கல். ஒன்பது நாள் வெட்டு இல்லை. இரண்டு நாள் குடித்தார், மூன்று நாள் மாத்திரை தவறியது, மதிப்பெண் 9-க்கு ஏறியது. இந்த முறை அவரே பஸ் ஏறி வந்தார். மழை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசாமல் விட்டது எங்கள் குறை. மழை நாளுக்கென்று ஒரு பட்டியல் போட்டோம். ரப்பர் ஷீட் அடுக்குவது, மகனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, ஐந்து மணிக்கு மழையானாலும் குடையோடு வாசகசாலை. மகளுக்கு வேலை கிடைத்து முதல் மாதச் சம்பளத்தில் தவணையின் பாதியை ஏற்றுக்கொண்டாள். செப்டம்பரில் மதிப்பெண் 3. நன்றாக ஆனபின்னும் ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும். அதனால் மாத்திரை நடக்கிறது, மார்ச்சில் மருத்துவர் பார்த்து முடிவு சொல்வார்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி விளைக்குப் போனேன். இப்போது முழு மரங்களையும் அவர்தான் வெட்டுகிறார். போன ஆண்டுக் காயங்கள் முண்டுகளாக எழும்பி நின்றன. அவை அப்படியேதான் இருக்கும். அவற்றுக்குக் கீழே ஏப்ரலிலிருந்து இறங்கிய பட்டை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தது.

“காயம் எதுவும் உண்டா, அண்ணே?”

“இரண்டு இருக்கிறது, மக்களே” என்றார். மேடம் போய் மக்களே ஆகியிருந்தேன். வடக்கு வரிசையில் ஏழாவது மரத்துக்கும், ஓடைக்கரையில் சாய்ந்து நிற்கும் மரத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். முதலாவது ஜூன் மழைக்குப் பிறகு திரும்பி வந்த அன்று விழுந்ததாம். இரண்டாவது, கத்தியைத் தீட்டாமல் போன ஒரு திங்கட்கிழமை.